ஜூலை ஏன் இறங்கியது? – காலத்தொடரைக் கண்ணால் படிக்கும் முறைகள்

2013 ஆகஸ்டு மாதத்தின் இரண்டாம் வாரம். ஷார்ஜாவில் கட்டடப் பொருட்களை மொத்தமாக விற்கும் ஒரு நிறுவனத்தில் நான் கணக்குப் பிரிவில் இருந்தேன். மேலாளர் என்னை அழைத்து, கடந்த மூன்று ஆண்டுகளின் ஜூலை மாத விற்பனையை மட்டும் எடுத்து ஒரு வரைபடமாகப் போட்டுத் தரச் சொன்னார். எக்செல்லில் பத்து நிமிட வேலை. மூன்று தூண்கள் எழுந்தன. 2011 உயரம், 2012 சற்றுக் குட்டை, 2013 இன்னும் குட்டை. படிக்கட்டு இறங்குவது போலிருந்தது. மறுநாள் மேலாளரின் மேசையில் ஒரு பட்டியல் கிடந்தது. கிடங்கில் வேலை செய்யும் நான்கு பேரின் பெயர்கள். அவர்களுடைய விசாவைப் புதுப்பிப்பதில்லை என்பது உத்தேசம்.

நான் போட்ட கூட்டலில் பிழை ஏதும் இல்லை. தூண்களின் உயரமும் சரிதான். ஆனாலும் மனம் ஒப்பவில்லை. மதியம் கிடங்குப் பக்கம் போனபோது, பட்டியலில் இருந்த நால்வரில் ஒருவரான கீழக்கரைக்காரர் சரக்குச் சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். பட்டியலைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், "ஏண்ணே, ஜூலையில சரக்கு இவ்வளவு குறைவாப் போயிருக்கே?" என்று கேட்டேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார்: "நோன்பு இப்ப ஜூலைக்கு வந்துடுச்சே தம்பி. போன வருஷம் ஜூலையில பன்னெண்டு நோன்பு. அதுக்கு முந்தின வருஷம் ஒண்ணுகூடக் கிடையாது. சைட்டுல வேலை நேரம் குறைஞ்சா சிமெண்டு எங்க போகும்?"

பட்டம் படித்த நான் காணாததை, தினமும் சரக்கு ஏற்றி இறக்கியவர் விரல்விட்டு எண்ணிச் சொன்னார். அன்றிலிருந்து எண்களைப் படமாக்குவதில் எனக்கு ஒரு பயமும், அதனாலேயே ஓர் ஈடுபாடும் உண்டாயிற்று. அந்த ஈடுபாட்டில் படித்ததையும், வளைகுடா வாழ்க்கையில் பார்த்ததையும் சேர்த்து இக்கட்டுரையில் தொகுத்திருக்கிறேன். கணிதம் அதிகம் தெரியாத வாசகர்களுக்கும் புரியவேண்டும் என்பதால் சூத்திரங்களைத் தவிர்த்துள்ளேன்.

காலத்தொடர் என்பது என்ன?

ஒரே பொருளை, ஒரே இடைவெளியில், தொடர்ந்து அளந்து எழுதி வைத்தால் அது காலத்தொடர். வீட்டின் மாதாந்திர மின்கட்டணம், ஊருக்கு அனுப்பிய பணம், விமான நிலையத்தைக் கடந்த பயணிகள் தொகை, தினசரி வெப்பநிலை எல்லாம் காலத்தொடர்களே. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இதில் நான்கு கூறுகளைப் பிரித்துக் காட்டும். நீண்ட கால அளவில் ஏறுவதோ இறங்குவதோ நீள்காலப் போக்கு. ஆண்டுதோறும் அதே வேளையில் திரும்பி வருவது பருவகால மாறுபாடு. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்துபோகும் ஏற்ற இறக்கம் சுழல் மாறுபாடு. எதிலும் சேராமல் மிஞ்சுவது சீரற்ற மாறுபாடு.

பருவம் என்ற சிந்தனை நமக்குப் புதிதன்று. தொல்காப்பியப் பொருளதிகாரம் காலத்தைப் பெரும்பொழுது, சிறுபொழுது என்று இரண்டாக வகுக்கிறது. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்ற ஆறும் ஆண்டுக்குள் சுழல்பவை. மாலை, யாமம், வைகறை போன்றவை நாளுக்குள் சுழல்பவை. ஒரே தொடரில் ஆண்டுச் சுழற்சியும் நாள் சுழற்சியும் ஒன்றின்மேல் ஒன்றாக ஓடுகின்றன என்று இன்றைய புள்ளியியலாளர் சொல்வதும் ஏறக்குறைய இதுதான். துபாயின் மின்சாரத் தேவையை எடுத்துக்கொண்டால், குளிர்சாதனங்கள் ஓயாமல் ஓடும் ஆகஸ்டு அதன் முதுவேனில். பிற்பகல் அதன் எற்பாடு.

முதல் கோடு

காலத்தைக் கிடைமட்ட அச்சிலும் அளவைச் செங்குத்து அச்சிலும் வைத்துக் கோடு இழுப்பது இன்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். பொருளாதார எண்களுக்கு அதைப் பரவலாகப் பயன்படுத்திக் காட்டியவர் ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் பிளேஃபேர். 1786-இல் அவர் வெளியிட்ட வணிக, அரசியல் வரைபட நூலில் இங்கிலாந்தின் ஏற்றுமதியும் இறக்குமதியும் ஆண்டுவாரியாக இரண்டு கோடுகளாக ஓடின. இரண்டுக்கும் நடுவிலிருந்த இடைவெளியே லாபமாகவும் நட்டமாகவும் கண்ணுக்குத் தெரிந்தது.

எந்தத் தொடர் கையில் கிடைத்தாலும் முதலில் முழுவதையும் ஒரே கோடாக வரைந்து பார்த்துவிட வேண்டும். சராசரி எடுப்பதும் மாதங்களைப் பொறுக்குவதும் பிறகு. நான் செய்த முதல் தவறு இதுதான். 36 மாதங்களின் கோட்டை வரைந்திருந்தால் ஒரு பள்ளம் ஆண்டுக்காண்டு இடம் மாறி நகர்வது அப்போதே தெரிந்திருக்கும். மூன்று ஜூலைகளை மட்டும் பிடுங்கி வைத்ததால் அது மறைந்துபோயிற்று.

படத்தின் அகலமும் உயரமும்கூட முக்கியம். அமெரிக்கப் புள்ளியியலாளர் வில்லியம் கிளீவ்லாந்தும் அவருடைய சகாக்களும் 1988-இல் எழுதிய ஒரு கட்டுரையில், கோட்டின் சரிவுகள் சராசரியாக 45 பாகையை ஒட்டி அமைந்தால்தான் ஏற்ற இறக்க வேகங்களைக் கண் நன்றாக ஒப்பிடும் என்று காட்டினார்கள். சூரியப் புள்ளிகளின் எண்ணிக்கை இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. உயரமான படத்தில் அது வெறும் கூர்முனைகளாகத் தெரியும். அதையே அகலமாக, தட்டையாக வரைந்தால், புள்ளிகள் வேகமாக ஏறி மெதுவாக இறங்குகின்றன என்ற செய்தி வெளிப்படும். எண்கள் அவையே. சட்டகம்தான் வேறு.

வளர்ச்சியைப் பார்ப்பது எப்படி?

வளைகுடாவில் எதை அளந்தாலும் அது வளர்ந்துகொண்டே இருப்பதாகத் தோன்றும். துபாய் பன்னாட்டு விமான நிலையத்தை எடுத்துக்கொள்வோம். 2000-இல் அதைக் கடந்த பயணிகள் சுமார் 1.23 கோடி. 2008-இல் 3.74 கோடி. 2018-இல் 8.91 கோடி. சாதாரண வரைபடத்தில் இந்தக் கோடு போகப் போகச் செங்குத்தாக எழும். முதல் எட்டு ஆண்டுகளில் கூடியது சுமார் 2.5 கோடி. அடுத்த பத்தாண்டுகளில் கூடியது சுமார் 5.2 கோடி. வளர்ச்சி வேகமெடுத்துவிட்டது என்றே யாரும் சொல்வார்கள்.

செங்குத்து அச்சை மடக்கை அளவுகோலுக்கு மாற்றினால் கதை வேறு. மடக்கை அச்சில் 1-இலிருந்து 2-க்கும், 2-இலிருந்து 4-க்கும், 4-இலிருந்து 8-க்கும் ஒரே தூரம். ஆண்டுக்கு இத்தனை விழுக்காடு என்று சீராக வளரும் எதுவும் அதில் நேர்கோடாக வரும். விமான நிலையக் கோட்டை அப்படி வரைந்தால் 2008-க்குப் பின் சரிவு குறைவதைக் காணலாம். முதல் எட்டு ஆண்டுகளில் பயணிகள் மூன்று மடங்கானார்கள், அதாவது ஆண்டுக்குச் சுமார் 15%. அடுத்த பத்தாண்டுகளில் 2.4 மடங்கு, அதாவது ஆண்டுக்குச் சுமார் 9%. கூடிய ஆட்கள் அதிகம், வளர்ந்த வீதம் குறைவு. இரண்டும் உண்மையே. ஓடுபாதை கட்டுகிறவருக்கு முதல் படம் வேண்டும். வணிகம் எந்தத் திசையில் போகிறது என்று கேட்பவருக்கு இரண்டாவது வேண்டும்.

மடக்கை அச்சு பருவத்தைப் பார்ப்பதற்கும் உதவும். பாக்ஸ், ஜென்கின்ஸ் என்ற இருவர் 1970-இல் வெளியிட்ட காலத்தொடர் நூலால் புகழ்பெற்ற ஒரு தொடர் உண்டு. 1949 முதல் 1960 வரை பன்னாட்டு விமானப் பயணிகளின் மாதக் கணக்கு, மொத்தம் 144 எண்கள். 1949-இல் ஜூலைக்கும் நவம்பருக்கும் உள்ள வேறுபாடு 44 ஆயிரம். 1960-இல் அதே வேறுபாடு 2 லட்சத்து 32 ஆயிரம். சாதாரண அச்சில் பருவ அலை ஐந்து மடங்குக்குமேல் பெருத்துவிட்டதாகத் தெரியும். விகிதமாகப் பார்த்தால் 1949-இல் ஜூலை நவம்பரைப்போல் 1.42 மடங்கு, 1960-இல் 1.59 மடங்கு. பருவம் கொஞ்சம் கூர்மையானது உண்மை. ஆனால் பெருத்ததில் பெரும்பங்கு வளர்ச்சியினுடையது.

பருவத்தைப் பார்க்கும் நான்கு படங்கள்

முதலாவது, ஆண்டுகளை வரிசையாகவும் மாதங்களைப் பத்தியாகவும் போட்ட கட்டம். பைஸ் பாலட் என்ற டச்சு வானிலை அறிஞர் 1847-இல் வெப்பநிலைகளை ஆராய இவ்வாறு அட்டவணையிட்டார். கீழ்நோக்கிப் பார்த்தால் ஒரே மாதத்தின் வளர்ச்சி, குறுக்கே பார்த்தால் ஓர் ஆண்டின் பருவம். எண்களுக்குப் பதில் கட்டங்களுக்கு வெளிர்நிறம் முதல் அடர்நிறம் வரை பூசினால் நூறு ஆண்டுத் தரவையும் ஒரே பக்கத்தில் காணலாம். பருவம் செங்குத்துப் பட்டையாகத் தெரியும்.

இரண்டாவது, ஆண்டுக்கு ஒரு கோடு. ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான அச்சு ஒன்றுதான். ஒவ்வோர் ஆண்டின் கோட்டையும் அதன்மேல் ஒன்றன்மேல் ஒன்றாக வரைய வேண்டும். கோடுகள் ஒரே வடிவில் இருந்தால் பருவம் உறுதி. ஒரு கோடு மட்டும் விலகினால் அந்த ஆண்டில் ஏதோ நடந்திருக்கிறது. பத்துக் கோடுகளுக்கு மேல் போனால் படம் நூல்கண்டாகிவிடும் என்பது இதன் குறை.

மூன்றாவது, மாதத்துக்கு ஒரு சிறு கோடு. எல்லா ஜனவரிகளும் ஒரு கொத்து, எல்லாப் பிப்ரவரிகளும் அடுத்த கொத்து என்று பன்னிரண்டு கொத்துகள். ஒவ்வொரு கொத்தின் சராசரிக்கும் ஒரு கிடைக்கோடு. கிளீவ்லாந்தும் டெர்பென்னிங்கும் 1982-இல் இதை விரிவாக எடுத்துரைத்தார்கள். கிடைக்கோடுகள் பருவத்தைச் சொல்லும். கொத்துக்குள் ஓடும் சிறு கோடுகள் அந்தந்த மாதத்தின் வளர்ச்சியைச் சொல்லும். எல்லா மாதமும் ஏறும்போது ஒன்று மட்டும் இறங்கினால் உடனே கண்ணில் படும். என் மேலாளர் கேட்ட படம் இதன் பன்னிரண்டில் ஒரு கொத்துதான். மற்ற பதினொன்றும் பக்கத்தில் இருந்திருந்தால் ஜூலை இறங்கும்போது ஆகஸ்டு ஏறுவதைப் பார்த்திருப்போம்.

நான்காவது, வட்டம். டிசம்பர் முடிந்ததும் ஜனவரி என்ற தொடர்ச்சி நேர்அச்சில் அறுந்துபோகும், வட்டத்தில் அறுவதில்லை. கிரிமியப் போரில் இறந்த ஆங்கிலேய வீரர்களைப் பற்றி ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் 1858-இல் வெளியிட்ட ரோஜாப்பூ வரைபடம் இவ்வகையில் தலையாயது. 1854 ஏப்ரல் முதல் 1855 மார்ச் வரை ஒரு பூ, அடுத்த பன்னிரண்டு மாதங்களுக்கு இன்னொரு பூ. மாதத்துக்கு ஓர் இதழ். இரண்டு பூக்களிலும் ஒரே மாதம் ஒரே திசையில் இருக்கும். ஆதலால் குளிர்கால ஜனவரியைக் குளிர்கால ஜனவரியோடுதான் கண் ஒப்பிடும். துப்புரவுச் சீர்திருத்தத்துக்குப் பின் மரணங்கள் குறைந்தது பருவத்தால் நேர்ந்தது என்று யாரும் தட்டிக்கழிக்க முடியவில்லை. ஒப்பிடவேண்டியதை ஒப்பிட வைத்ததே அந்தப் படத்தின் வெற்றி.

பிரித்துப் பார்த்தல்

பன்னிரண்டு மாதங்களின் கூட்டுத்தொகையை எடுத்து, மாதம் ஒன்று நகர்ந்து மீண்டும் கூட்டி, இப்படியே போனால் நகரும் கூட்டுத்தொகை கிடைக்கும். ஒவ்வொரு கூட்டலிலும் ஒரு கோடையும் ஒரு குளிர்காலமும் அடங்கிவிடுவதால் பருவம் கரைந்து போக்கு மட்டும் மிஞ்சும். இதற்குக் கணினிகூட வேண்டாம்.

இதைவிட நுட்பமாகப் போக்கு, பருவம், எச்சம் என்று மூன்று அடுக்குப் படமாகப் பிரிக்கும் முறைகள் உண்டு. 1990-இல் கிளீவ்லாந்து குழுவினர் வெளியிட்ட முறை இன்று இலவச மென்பொருள்களிலும் கிடைக்கிறது. இத்தகைய பிரிப்புக்கு உலகறிந்த எடுத்துக்காட்டு ஹவாய்த் தீவின் மௌனா லோவாவில் சார்லஸ் கீலிங் 1958-இல் தொடங்கிய கரியமிலவாயு அளவீடு. 1959-இல் பத்து லட்சத்துக்குச் சுமார் 316 பங்காக இருந்த ஆண்டுச் சராசரி 2023-இல் 420-ஐத் தாண்டியது. அது போக்கு. ஆண்டுதோறும் மே மாதத்தில் உச்சம் தொட்டு, வடகோளத்துத் தாவரங்கள் கோடையில் வாயுவை உறிஞ்சுவதால் செப்டம்பர், அக்டோபர் வாக்கில் இறங்குகிறது. அது பருவம். இரண்டையும் பிரிக்காமல் மே முதல் செப்டம்பர் வரை மட்டும் பார்ப்பவர், கரியமிலவாயு குறைகிறது என்று சொல்லிவிடக் கூடும்.

இரண்டு நாட்காட்டிகள்

இதுவரை சொன்ன முறைகள் எல்லாமே ஒன்றை நம்பியிருக்கின்றன. பருவம் என்பது ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான கட்டத்துக்குள் அதே இடத்தில் திரும்பி வரும் என்ற நம்பிக்கை அது. வளைகுடாவில் அது பாதிதான் உண்மை.

இங்கே வெயில் சூரியனைப் பின்பற்றுகிறது. அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பிற்பகல் 12:30 முதல் 3 மணி வரை திறந்தவெளி வேலைக்குத் தடை உண்டு. அது சூரிய நாட்காட்டியில் அசையாமல் நிற்கிறது. இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளின் ஜூலை, ஆகஸ்டு விடுமுறையும், அதையொட்டி ஊருக்குப் போகும் விமானச்சீட்டின் விலையேற்றமும் அப்படியே. ஆனால் நோன்பும் பெருநாள்களும் ஹஜ்ஜும் பிறையைப் பின்பற்றுகின்றன. ஹிஜ்ரி ஆண்டுக்கு 354 அல்லது 355 நாள்கள். ஆகவே ரமலான் ஆண்டுக்குச் சுமார் 11 நாள்கள் முன்னே நகரும். 2010-இல் ஆகஸ்டு 11-இல் தொடங்கியது 2015-இல் ஜூன் 18-இல் தொடங்கியது. 2024-இல் மார்ச் 11. 1997-இல் ஜனவரியில் ஒன்றும் டிசம்பர் கடைசியில் ஒன்றுமாக இரண்டு ரமலான்கள் தொடங்கின. 2030-இலும் அப்படியே வரும். ஒரு முழுச் சுற்றுக்கு ஏறத்தாழ 33 ஆண்டுகள்.

நம் பண்டிகைகளோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். பொங்கல் சூரியக் கணக்கு, ஜனவரி நடுவில் நிற்கும். தீபாவளி சந்திரக் கணக்கு. ஆனாலும் அதிக மாதம் சேர்த்துச் சரிசெய்வதால் அக்டோபர் நடுவுக்கும் நவம்பர் நடுவுக்கும் இடையே ஊசலாடும். 2022-இல் அக்டோபர் 24, 2023-இல் நவம்பர் 12, 2024-இல் அக்டோபர் 31. துபாயில் தமிழர் நடத்தும் துணிக்கடைக்கு அக்டோபர் ஓராண்டு கொழிக்கும், அடுத்த ஆண்டு காயும். ரமலானோ ஊசலாடுவதில்லை. ஆண்டு முழுவதையும் சுற்றி வருகிறது.

வளைகுடா மக்கள் இதை நன்கு அறிந்தவர்கள். பிறை மாதங்களை வைத்துக்கொண்டு மீன்பிடியையும் பேரீச்சை அறுவடையையும் திட்டமிட முடியாது. அதனால் சுஹைல் என்னும் விண்மீன் ஆகஸ்டு மாதக் கடைசியில் விடியற்காலையில் தென்படும் நாளிலிருந்து பத்துப் பத்து நாள்களாக எண்ணும் துரூர் என்ற கணக்கை வைத்திருந்தார்கள். 36 பத்துகள், மிச்சம் ஐந்து நாள். சுஹைல் எழுந்தால் கடும் வெயில் தணியத் தொடங்கும் என்பது வழக்கு. நாம் அகத்திய நட்சத்திரம் என்று அழைப்பதும் அதே விண்மீன்தான். வழிபாட்டுக்குப் பிறை, பிழைப்புக்கு விண்மீன் என இரண்டு நாட்காட்டிகளை அவர்கள் ஒருங்கே வைத்திருந்தார்கள். நமது எக்செல் தாளில் ஒன்றுதான் இருக்கிறது.

ஒரு கணக்கு

இந்த ஒற்றை நாட்காட்டி எப்படி ஏமாற்றும் என்பதை ஒரு கற்பனைக் கணக்கால் காட்டுகிறேன். ஒரு கடையில் சாதாரண நாளில் 100 மூட்டை விற்பனை. நோன்பு நாளில் 75 மூட்டை. அமீரகச் சட்டப்படி ரமலானில் தினசரி வேலைநேரம் இரண்டு மணி குறையும் என்பதால் இது நடக்கக் கூடியதே. கடை ஆண்டுக்குச் சீராக 5% வளர்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். பெருநாள் விடுமுறையையும் வார விடுமுறையையும் எளிமைக்காக விட்டுவிடலாம்.

2011-இல் ரமலான் ஆகஸ்டு 1 முதல் 29 வரை. ஜூலையில் நோன்பு இல்லை. 2012-இல் ஜூலையில் 12, ஆகஸ்டில் 18 நாள். 2013-இல் ஜூலையில் 22, ஆகஸ்டில் 7 நாள். கூட்டிப் பார்த்தால் ஜூலை விற்பனை 3100, 2940, 2811. ஆண்டுக்கு ஐந்து விழுக்காட்டளவில் சரிவு. ஆகஸ்டு விற்பனை 2375, 2783, 3225. ஆண்டுக்குப் பதினாறு, பதினேழு விழுக்காடு வளர்ச்சி. ஜூலைப் படத்தைப் பார்த்தவர் ஆளைக் குறைப்பார். ஆகஸ்டுப் படத்தைப் பார்த்தவர் புதுக் கிடங்கு பிடிப்பார். இருவரும் பார்ப்பது ஒரே கடையை. இரண்டு மாதங்களையும் சேர்த்துக் கூட்டினால் 5475, 5723, 6036. வளர்ச்சி முறையே 4.5%, 5.5%. மறைந்திருந்த 5% திரும்ப வந்துவிட்டது.

இதற்கு நான் கண்ட வழிகள் மூன்று.

ஒன்று, ஒரே தொடரை இரண்டு முறை வரைவது. ஒருமுறை ஜனவரி முதல் டிசம்பர் வரை, மறுமுறை முஹர்ரம் முதல் துல்ஹஜ் வரை. வெயிலால் வரும் பருவம் முதல் படத்தில் செங்குத்துப் பட்டையாகவும் இரண்டாவதில் சாய்ந்த பட்டையாகவும் தெரியும். நோன்பால் வருவது நேர்மாறாகத் தெரியும். எது எதனால் என்று பட்டையின் சாய்வே சொல்லிவிடும். இதற்குத் தினசரிக் கணக்கு கையில் இருக்கவேண்டும்.

இரண்டு, மாதக் கணக்கு மட்டும் இருந்தால் ஒவ்வொரு மாதத்துக்கும் பக்கத்தில் அதில் எத்தனை நோன்பு நாள்கள் என்று ஒரு பத்தி சேர்ப்பது. பிறகு நோன்பு நாள்களைக் கிடைமட்ட அச்சிலும், போக்கிலிருந்து அந்த மாதம் விலகிய அளவைச் செங்குத்து அச்சிலும் புள்ளிகளாக வைத்தால் தொடர்பு தெரிந்துவிடும்.

மூன்று, பன்னிரண்டு மாத நகரும் கூட்டுத்தொகை. அதற்குள் பெரும்பாலும் ஒரு முழு ரமலான் அடங்கிவிடும். சூரிய ஆண்டு பிறை ஆண்டைவிட நீளமாதலால் சில வேளை இரண்டாவது ரமலானின் சில நாள்களும் உள்ளே வரும். அதைத் தனியே கவனிக்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. 2011 முதல் 2015 வரை நோன்பும் கடும் வெயிலும் சேர்ந்தே வந்தன. அந்த ஆண்டுகளின் தரவை மட்டும் வைத்துக்கொண்டு விற்பனை குறைந்தது எதனால் எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். குளிர்காலத்தில் நோன்பு வந்த ஆண்டுகளும் வேண்டும். நீண்ட தொடரின் அருமை இதுதான். சில கேள்விகளுக்கு விடை கிடைக்கப் பல ஆண்டுகள் பொறுமையாக எழுதி வைக்கத்தான் வேண்டும்.

ஆண்டு வளர்ச்சி என்ற சொல்லிலும் இந்தச் சிக்கல் ஒளிந்திருக்கிறது. சவூதி அரேபியாவில் 2016 அக்டோபர் வரை அரசு ஊழியர் சம்பளம் ஹிஜ்ரி மாதக் கணக்கில் வழங்கப்பட்டது. பிறகு ஆங்கில மாதத்துக்கு மாறியது. ஆண்டுச் சம்பளக் கணக்கில் சுமார் 3% வேறுபாட்டை இந்த ஒரு மாற்றமே உண்டாக்கும். கோடு இறங்கியது ஏனென்று தெரியாதவர் வேறு காரணம் தேடி அலைவார்.

வாரமும் ஓடுபாதையும்

நாட்காட்டி மாறுவது மாதத்தோடு நிற்கவில்லை. அமீரக அரசு அலுவலகங்களின் வார விடுமுறை 2006 செப்டம்பர் வரை வியாழனும் வெள்ளியும். பிறகு வெள்ளியும் சனியும். 2022 ஜனவரியிலிருந்து வெள்ளி அரைநாளும் சனி, ஞாயிறும். ஷார்ஜாவில் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும். சவூதியில் வியாழன், வெள்ளி என்பது 2013 ஜூனில் வெள்ளி, சனி ஆயிற்று. இருபதாண்டுத் தரவைக் கிழமைவாரியாக அடுக்குபவர் இந்த மாற்றங்களை ஒட்டித் தொடரை வெட்டிவிட்டுத்தான் வரைய வேண்டும்.

பருவம்போல் வேடமிடும் சம்பவங்களும் உண்டு. துபாய் விமான நிலையத்தின் ஓடுபாதைகள் பழுதுபார்க்கப்பட்டதால் 2014 மே 1 முதல் ஜூலை 20 வரை விமானங்கள் குறைக்கப்பட்டன. 2013-இல் 6.64 கோடியாக இருந்த பயணிகள் 2014-இல் 7.05 கோடி ஆனார்கள், வளர்ச்சி சுமார் 6%. முந்தைய ஆண்டு 15%, அடுத்த ஆண்டு 10%-க்கு மேல். நடுவிலிருந்த தொய்வில் அந்த எண்பது நாள்களுக்கு ஒரு பங்குண்டு. 2019-இல் பயணிகள் 8.64 கோடியாகக் குறைந்தார்கள். தெற்கு ஓடுபாதை 45 நாள்கள் மூடப்பட்டது, இந்தியாவின் ஜெட் ஏர்வேஸ் ஏப்ரலில் நின்றுபோனது, போயிங் 737 மேக்ஸ் விமானங்கள் தரையில் நிறுத்தப்பட்டது ஆகிய மூன்றும் அந்த ஓராண்டில் கூடின. 2020-இல் பெருந்தொற்று அந்த எண்ணை 2.59 கோடிக்குத் தள்ளியது. 2024 ஏப்ரல் 16-இன் பெருமழை விமான நிலையத்தை முடக்கியது. ஆனாலும் அந்த ஆண்டு 9.23 கோடி பேர் கடந்துபோனார்கள்.

இத்தகைய நிகழ்வுகளைப் படத்திலிருந்து அழித்துவிடக் கூடாது. மெல்லிய செங்குத்துக் கோடிட்டு, என்ன நடந்தது என்று இரண்டு சொற்கள் எழுதி வைத்தால் போதும். பத்தாண்டு கழித்து அந்தப் படத்தைப் பார்ப்பவருக்கு அந்த இரண்டு சொற்கள் செய்யும் உதவியை எந்த மென்பொருளும் செய்யாது.

மீண்டும் ஜூலை

கீழக்கரைக்காரர் சொன்னதைக் கேட்ட அன்று இரவு, மூன்று ஆண்டுகளின் தினசரி விற்பனையையும் எடுத்து இரண்டு நாட்காட்டிகளிலும் வரைந்தேன். பள்ளம் ஜூலையுடையது இல்லை என்பது தெரிந்தது. மறுநாள் மேலாளரிடம் இரண்டு படங்களையும் வைத்து, ஆகஸ்டு முடியும்வரை பொறுக்குமாறு கேட்டுக்கொண்டேன். அவர் படத்தை வெகுநேரம் பார்த்தார். "சரி, மாசம் முடியட்டும்" என்றார். ஆகஸ்டுக் கணக்கு வந்தபின் அந்தப் பட்டியலைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆனால் நால்வரில் ஒருவர் வதந்தியைக் கேட்டு அஞ்சி, அதற்குள் வேறிடத்தில் குறைந்த சம்பளத்துக்குச் சேர்ந்துவிட்டிருந்தார். அவரைத் திரும்ப அழைக்க முடியவில்லை.

கீழக்கரைக்காரர் பின்னும் பல ஆண்டுகள் அங்கேயே இருந்தார். அந்தப் பட்டியலில் தம் பெயர் இருந்தது அவருக்குத் தெரியுமா என்பது எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இன்றும் எந்த வரைபடம் போட்டாலும், அதை அனுப்புமுன் அந்த எண்களோடு நாள்தோறும் புழங்குகிற ஒருவரிடம் காட்டி, இது ஏன் இப்படி இருக்கிறது என்று ஒருமுறை கேட்டுவிடுகிறேன்.